வெட்டிவேர்ப் புதருக்குப் பின்னால்

நீங்களும் நானும் மாடியில் தொட்டி வைத்துக் கற்றாழை வளர்க்கிறோம். காலை நடையில் குப்பைமேனி நாற்றையும் கஸ்தூரி மஞ்சள் கிழங்கையும் கைமாற்றிக்கொள்கிறோம். பேத்திகள் வாங்கும் முகப்பூச்சைக் கேலி செய்கிறோம். நம் காலத்தில் தோலுக்கு வேண்டியதெல்லாம் கொல்லையிலேயே விளைந்தது, அதனால்தான் மனிதர்கள் சுத்தமாக இருந்தார்கள் என்று பெருமை பேசுகிறோம். போன வாரம் நானும் அப்படிப் பேசினேன். வீட்டுக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தோட்டம் இருந்தது. அதில் நான் செய்ததை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னோடு நடக்க வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

எங்கள் ஊர் கல்லங்குறிச்சிக்குக் கொஞ்சம் தள்ளி. கரிசல் மண், பருத்தி. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை, நான். அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. எதில் தொடங்கிய சண்டையோ தெரியாது. நான் பேசக் கற்றுக்கொண்டபோதே அவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒரே அடுப்படியில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து வேலை செய்வார்கள். நடுவில் நான்.

“உங்க அத்தைகிட்ட கேளு, புளிச்சட்டிய எங்க வச்சாங்கன்னு.”

“உங்க அம்மாகிட்ட சொல்லு, கண்ணு இருக்கறவங்களுக்குக் காலடியிலயே தெரியும்னு.”

இருவர் சொன்னதும் இருவர் காதிலும் விழும். ஆனாலும் நான் திரும்பி ஒருமுறை சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம். ஒருத்தி அடுப்படியிலும் இன்னொருத்தி தோட்டத்திலும் இருந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். “கொழம்பு ஆறுது, வரச்சொல்லு” என்று அம்மா அனுப்புவாள். நான் தோட்டத்துக்குப் போய், “வந்து கொட்டிக்குவீங்களாம்” என்பேன். “கிழங்கு கழுவிட்டு வரேன்னு சொல்லு” என்பாள் அத்தை. நான் அடுப்படிக்கு வந்து, “உங்களுக்கு மட்டும்தான் பசிக்குதான்னு கேக்கறாங்க” என்பேன். அவர்கள் பகையில் பாதி அவர்களுடையது. மீதி நான் வழியில் சேர்த்தது.

தோட்டம் அத்தையுடையது. கிணற்றுக்கும் குளிக்கும் மறைப்புக்கும் நடுவே நீளமாகக் கிடந்த இடம். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, திருநீற்றுப்பச்சை, மருதாணி, வேலியோரம் கற்றாழை, குளிக்கும் தண்ணீர் வடியும் மூலையில் ஆளுயர வெட்டிவேர்ப் புதர். மாசியில் கிழங்கு தோண்டி, சீவி, நிழலில் உலர்த்துவாள். ஆவாரம்பூவும் பயறும் சேர்த்து இடித்து, அப்பாவின் பழைய வேட்டித் துண்டைப் பானை வாயில் கட்டிச் சலிப்பாள். அந்த நாட்களில் வீட்டில் எதைத் தொட்டாலும் மஞ்சள் ஒட்டும். ஊர்ப்பெண்கள் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் அவளிடம்தான் பொடி வாங்குவார்கள். அதற்கென்று அவளிடம் தனியாக ஒரு சிறிய அம்மி இருந்தது. அதில் மிளகாய் அரைக்கக் கூடாது. “மூஞ்சிக்கு ஒரு அம்மி, வயித்துக்கு ஒரு அம்மி. மகாராணி வூடு” என்பாள் அம்மா, என்னைப் பார்த்தபடி.

எனக்கு அத்தையைப் பிடிக்காது. குளிர் நாட்களில் எனக்கு விரலிடுக்கில் சொறி வரும். அவள் குப்பைமேனி இலையை உப்பு வைத்துக் கசக்கி, என் மணிக்கட்டைத் தன் முழங்காலுக்கடியில் அழுத்திக்கொண்டு தேய்ப்பாள். உயிர் போகும். “கத்துடா சொறிப்பயலே. கத்துனா நல்லா எறங்கும்” என்பாள். சொறி ஆறிவிடும். எரிச்சல் மட்டும் என்னிடம் தங்கும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அரியலூர் நாட்டு மருந்துக் கடைக்கு என்னை அனுப்பினாள். கார்போகரிசி வேண்டும், முளைக்கிற மாதிரி புது விதையாக வேண்டும். “யாருக்குன்னு கேட்டா குளிக்கிற பொடிக்குன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத.”

கடைக்காரர் கறுப்பாக, சின்னதாக, பிசுக்கென்று இருந்த விதைகளை உள்ளங்கையில் போட்டுக் காட்டினார். மூக்கில் ஏறும் வாசனை.

“பொடிக்கு ஒரு பிடி போதுமே தம்பி. மொளைக்கிற வெத எதுக்கு?”

“தெரியலீங்க.”

“வூட்டுல வெதச்சு வளக்கறாங்கன்னா பொடிக்கு இல்ல. யாருக்கு வெள்ளை விழுந்திருக்கு?”

நான் காசை எடுத்து நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். “சொல்லாட்டிப் போ. ஆனா இதப் போய்ச் சொல்லு. அரைச்சுப் பூசிட்டு எளவெயில்ல கொஞ்ச நேரம்தான் நிக்கணும். ஏறுவெயில்ல நின்னா தோலு வெந்துரும். மறந்துடாத.”

நான் மறக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அத்தைக்கு வெண்படை. ஊருக்கே தோலுக்குப் பொடி கொடுப்பவளுக்கு, சேலைக்குள் எங்கோ வெள்ளை. அவளுடைய திமிருக்கு அது சரியான கூலி என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தை நீட்டினேன்.

“வேற எதாவது சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லலியே.”

அதுவரை வார்த்தைகளைக் கூட்டிச் சொன்னவன், அன்றைக்குத்தான் ஒரு வார்த்தையை முழுங்கினேன்.

பாதி விதையை வெட்டிவேர்ப் புதருக்குப் பின்னால் விதைத்தாள். அடிக்கடி கடைக்குப் போனால் ஊர் பேசும், அதனால்தான் வளர்த்தாள் என்பது இப்போது புரிகிறது. மீதியை ஊறவைத்துச் சின்ன அம்மியில் அரைத்தாள். அப்பா வயலுக்குப் போனபின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூரையில்லாத கீற்றுத் தட்டி மறைப்புக்குள் போவாள். சற்று நேரத்தில் அம்மாவும் உள்ளே போவாள். பேசாத இருவருக்கும் அங்கே என்ன வேலை? நான் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து காது கொடுப்பேன். அத்தையின் அதட்டல் மட்டும் கேட்கும். ஒருமுறை “திரும்பு” என்றது காதில் விழுந்தது. இன்னொருமுறை, “என் தலையெழுத்து.” அம்மா வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், விரல்களில் கறுப்பு ஒட்டியிருக்கும். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். என் அம்மா வேலைக்காரி மாதிரி அவளுக்கு மருந்து பூசிவிடுகிறாள். அப்பாவிடம் எதையோ சொல்லிவிடுவேன் என்று அத்தை அவளை மிரட்டியிருக்க வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான். அவளுக்கு உதட்டோரம் வெள்ளை விழுந்திருந்தது. சாப்பிடும்போது அப்பா சொன்னார்: “அவன் ஆறு மாசம் வச்சிருந்ததே தப்பு. நானா இருந்தா பாத்த அன்னிக்கே வண்டி கட்டி அனுப்பிருப்பேன். வம்சத்துக்கே ஒட்டிக்கும்.” எங்கள் அப்பா குடிக்காதவர், பொய் சொல்லாதவர். ஊரில் பஞ்சாயத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி நடுவில் நின்றது. உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: “டேய், உங்க அம்மாகிட்ட சொல்லு, அண்ணன் தட்டுல மோரு ஊத்தச் சொல்லி.”

அத்தைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துப் போனவர்கள் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். அப்புறம் பாடாலூரிலிருந்து ஒரு இடம் வந்தது. ரோட்டோரம் கடை, பின்னால் நிலம். மாப்பிள்ளை கல்லங்குறிச்சி கோயில் கூட்டத்தில் அத்தையைப் பார்த்துவிட்டு அவராகவே சொல்லி அனுப்பியிருந்தார். யாரோ ஒருவர் தன்னைக் கேட்டு ஆள் அனுப்பியது அத்தைக்கு அதுதான் முதல் தடவை. அந்த வாரம் அவள் என்னைச் சொறிப்பயல் என்று கூப்பிடவில்லை. தலைவாரிக்கொண்டு வந்து, “எப்படிடா இருக்கேன்?” என்று கேட்டாள். “கெழவி மாதிரி” என்றேன். அதற்கும் சிரித்தாள்.

தை மாதம், அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். கார்போகரிசிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து கறுப்பு விதை பிடித்திருந்தன. “எல்லாத்தையும் புடுங்கி எருக்குழியில போட்டு மூடிடு. ஒண்ணு விடாத. எனக்கு உள்ள வேலை கெடக்கு.” அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அதுவும் எனக்குப் பிடித்தது.

எல்லாவற்றையும் பிடுங்கினேன், ஒன்றைத் தவிர. இருப்பதிலேயே பெரியதை விட்டேன். பிறகு அரிவாளை எடுத்து, அதை மறைத்துக்கொண்டிருந்த வெட்டிவேர்ப் புதரின் முன்பக்கத்தைக் குனியாமல் என் தொடை உயரத்தில் அறுத்தேன். அறுத்த இடத்திலிருந்து பச்சை வாசனை வந்தது. இப்போது கைகால் கழுவும் தொட்டிக்கு நேராகச் செடி தனியாக நின்றது. மறுநாள் அத்தைக்குத் தோட்டத்துப் பக்கம் வர நேரமிருக்காது என்று எனக்குத் தெரியும். வந்தவர்கள் அந்தத் தொட்டியில்தான் கை கழுவுவார்கள் என்பதும் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா கனத்த உருவம். கூட அவளுடைய அக்கா. கேசரி சாப்பிட்டுவிட்டு, “கொல்லப்பக்கம் பாக்கலாமா” என்று எழுந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கிணறு, அடுப்படி, கொல்லை எல்லாம் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டியில் கை கழுவிய மாப்பிள்ளையின் அம்மா செடியைப் பார்த்தாள். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். அக்காவிடம் கையை நீட்டினாள். அவளும் முகர்ந்தாள்.

“இத யாருக்கு வெதச்சீங்க?”

பின்னால் வந்த அத்தை செடியைப் பார்த்துவிட்டாள். அறுந்த புதரையும் பார்த்தாள். “பொடிக்குங்க” என்றாள்.

“பொடிக்கு நாங்களும்தான் போடறோம். கடையில வாங்குவோம்.” மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். “உள்ள வாம்மா கொஞ்சம்.”

அறைக்குள் போனார்கள். அம்மா வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். நான் அவள் பின்னால். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினாள். கால், கழுத்து, காதுக்குப் பின்னால். எங்கும் ஒன்றுமில்லை.

“சேலையக் கொஞ்சம் தளத்திக் காட்டு. நாங்க பொம்பளைங்கதானே.”

“முடியாதுங்க.”

“ஒண்ணும் இல்லன்னா காட்டறதுக்கு என்ன?”

அத்தை நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பிலிருந்த தண்ணீர் தளும்பிக் கொஞ்சம் என் காலில் விழுந்தது.

“காட்ட மாட்டேங்க. அது எனக்குத்தான். எனக்குத்தான் வெதச்சேன்.”

“அத மொதல்லயே சொல்லியிருந்தா எங்களுக்கு வண்டிச் சத்தக் காசாவது மிச்சம்” என்றாள் அக்காக்காரி. மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. என் அம்மாவின் கை இனிமேல் கறுப்பாகாது என்று நினைத்தேன்.

அப்பா அத்தையை அடிக்கவில்லை. “எனக்கே மறைச்சிட்டியே” என்றார். அன்று இரவிலிருந்து அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனி. அப்பா சொல்ல, அம்மா மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தாள். ஊர்ப்பெண்கள் பொடி வாங்க வரவில்லை. ஏற்கெனவே வாங்கியதை ஒருத்தி எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். மறுநாள் அத்தை தோட்டத்தில் இறங்கி, மஞ்சள், பூலாங்கிழங்கு, மருதாணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பிடுங்கினாள். கற்றாழையை மண்வெட்டியால் கொத்தினாள். சின்ன அம்மியை அப்பா கவிழ்த்துப்போட்டுக் கால் கழுவும் கல்லாக்கினார். பல வருஷம் நான் அதன்மேல் நின்று கால் கழுவியிருக்கிறேன். இப்போது அந்த வீடும் இல்லை, கிணறும் இல்லை. சுண்ணாம்புக்கல் எடுக்க நிலத்தை விற்றுவிட்டோம். தோட்டம் இருந்த இடம் பெரிய பள்ளம்.

பிறகு அத்தையை வாலிகண்டபுரத்தில் பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு இரண்டாம்தாரமாகக் கொடுத்தார்கள். அவருக்கு ஒரு மகன் இருந்தான். நான் படித்தேன், நல்ல வேலைக்குப் போனேன், ஓய்வு பெற்றேன். அம்மா என் வீட்டில்தான் காலமானாள். கடைசிவரை அவள் அத்தையின் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள்.

போன வருஷம் என் வலது கையில் வெள்ளை விழுந்தது. பிறகு உதட்டோரம். திருச்சி டாக்டர், ஒட்டும் நோயில்லை, பயப்பட வேண்டாம் என்றார். “குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?” என்று கேட்டார். “அத்தைக்கு” என்றேன். என் மருமகள் படித்தவள். டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் துண்டு இப்போது தனிக் கொடியில் காய்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. மாடியில் ஒரு பையில் மண் நிரப்பிக் கார்போகரிசி போட்டேன். முளைக்கவில்லை. அத்தையிடம் விதை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாலிகண்டபுரத்துக்குப் போனேன்.

அவளுக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது. மகன் வீட்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கொள்ளுப்பேத்தி தரையில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்: “அத்தை, அன்னிக்கு அந்தச் செடிய விட்டது நான்தான்.”

“தெரியும். வெட்டிவேர அறுத்திருந்த ஒசரம் ஒன் ஒசரம்.”

“அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லி? அந்தப் பாடாலூராரு திரும்பி வந்திருப்பாரா?” என் கையைப் பார்த்தாள். பிடித்து இழுத்து, வெள்ளையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பழைய பிடி. “இது உங்கம்மாவோடது. அவளுக்கு இடுப்புக்குப் பின்னால இருந்துச்சு.”

அவள் பிடியிலிருந்த என் கையைப் பார்த்தேன்.

“வெளக்கணச்ச வூட்டுல உங்கப்பன் என்னத்தக் கண்டான். நான்தான் ஒருநாள் குளிக்கையில பாத்தேன். கை எட்டுன வரைக்கும் அவளே பூசிக்கிட்டா, எட்டாததுக்கு நான். எனக்கு ஒரு புள்ளியும் கெடையாது, இன்னிக்கு வரைக்கும். அன்னிக்கு அவளுக சேலையத் தளத்தச் சொன்னப்ப காட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். அப்புறம் ‘பின்ன யாருக்கு’ன்னு வந்திருக்கும். வூட்டுல இன்னொரு பொம்பள யாரு?”

“உங்களுக்கு அம்மாவப் புடிக்காதே அத்தை.”

“இப்பவும் புடிக்காது. செத்ததுக்கும் நான் வரல.” அவள் என் கையை விட்டாள். “அவள அனுப்பிச்சிருந்தா ஒன்னைய யாரு வளக்கறது? நானு. சொறிப்பயல ஆயுசுக்கும் என் மடியில கட்டிட்டு, உங்கப்பன் இன்னொருத்தியத் தேடிப் போயிருப்பான். அதுக்கு ரெண்டாந்தாரமே மேலுன்னு பாத்தேன்.”

பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்: “மொத மொத பூசுனப்ப பக்குவம் தெரியாம வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டேன். கொப்புளமா வெந்துபோச்சு. மூச்சு விடல அவ. நான் வேணும்னே செஞ்சேன்னு சாகற வரைக்கும் நெனச்சிருப்பா.”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் சொன்னதை, நான் முழுங்கியதை. செடியை விட்டதைச் சொல்லத்தான் துணிச்சல் இருந்தது. மற்றதை உங்களுக்குச் சொல்கிறேன், அவளுக்குச் சொல்லவில்லை. என் அம்மாவின் தோல் வெந்தது அத்தையால் அல்ல. வெந்த இடத்தோடு அவள் வெளியே வந்து எனக்குச் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன்.

“அத்தை, வெத இருந்தா...” என்று தொடங்கினேன்.

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தரையில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியைக் கூப்பிட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை.

“பாப்பா, அவருகிட்ட சொல்லு. வெத கடையில கெடைக்கும். பூசிட்டு ஏறுவெயில்ல நிக்க வேணாம். பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

சிறுமி கையிலிருந்த சில்லைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். “வெத கடையில கெடைக்குமாம். பூசிட்டு ஏறுவெயில்ல நிக்க வேணாமாம். பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சாம்” என்றாள்.

ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.